அறை வாடகையில் அடங்கியவள்

"பில்லுல எம் பேரைப் போடுங்க" என்றாள் தேன்மொழி.

சங்கரன்கோவில் தங்கமகுடம் பல்நோக்கு மருத்துவமனையில் இன்சூரன்ஸ் மேசையைக் கட்டி ஆளுகிற பாண்டிராஜ், வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே இறக்கி வைத்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இதைப் பற்றி அவளை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சம்பளம் கூட்டிக் கேக்கலாம் சிஸ்டர். ஆடித்தபசுக்கு லீவு கேக்கலாம். கிடைக்காது, ஆனா கேக்கலாம். பில்லுல பேரு மட்டும் கேக்கவே கூடாது. அது நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு மரியாதை."

இப்போது அவர் பொறுமையை வரவழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க பில்லுல இருக்கத்தான செய்யுதீங்க."

"எங்கன?"

"இந்தா, 'அறை வாடகை'ன்னு இருக்குல்லா? இதுக்குள்ள. கட்டில், மெத்தை, ஃபேன், நர்ஸ். எல்லாம் வாடகையில அடக்கம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் அப்படித்தான் வச்சிருக்கான்."

"ஃபேனு மூச்சுக்குழாய் போடுமா?"

"போடாது. அதனாலதான் டாக்டரு போட்டதா எழுதியிருக்கோம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படி விளக்க முடியும்?

தேன்மொழி ராயகிரிக்காரி. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். தாண்டியவள் நிற்கவில்லை. நர்சிங் படித்தாள், வேலை பார்த்தாள், மறுபடி போய் எம்.எஸ்ஸி. படித்தாள். நர்ஸ் பிராக்டிஷனர் என்று அதற்குப் பெயர். உயிர் ஊசலாடுகிற நோயாளிக்கு மூச்சுக்குழாய் போடவும், செயற்கை சுவாச இயந்திரத்தை நடத்தவும், வகுத்த முறைப்படி மருந்து கொடுக்கவும் கற்றுத்தருகிற படிப்பு. பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு, பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கிகூட உண்டு. படித்து முடித்தவள் ஓர் உயிரைக் காப்பாற்றினால் அதை எந்தப் பெயரில் எழுதுவது என்பதை மட்டும் யோசிக்க ஒருவருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

விளம்பரத்துக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுயர ஃப்ளெக்ஸ். 'தென்மாவட்டத்திலேயே முதன்முறையாக நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற எழுத்துக்குக் கீழே தேன்மொழி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் அதில் இல்லை. 'டாக்டர் திருமலைக்கொழுந்து அவர்களின் நேரடி மேற்பார்வையில்' என்று மட்டும் இருந்தது.

அந்த நேரடி மேற்பார்வை எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டாக்டர் திருமலைக்கொழுந்து மதுரையில் இருந்தார். ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு ஒரு தடவை வந்து ரிப்பன் வெட்டினார். அதற்குப் பிறகு அவருடைய ரப்பர் சீல்தான் இங்கே இருந்தது. தினமும் காலையில் வார்டு உதவியாளர் சலாவுதீன் பாய் பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய சீலை எடுத்து, மை டப்பாவோடு ஸ்டீல் தட்டில் வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் கிளம்புவார். ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். தேன்மொழி எழுதிவைத்த கேஸ் ஷீட்டில் 'டக்'கென்று ஒரு குத்து. நோயாளியை டாக்டர் பார்த்தாகிவிட்டது. சீல் வருகிறபோது உறவுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். விவரம் தெரியாத சிலர் கும்பிடவும் செய்வார்கள். மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை, உற்சவர்தான் வீதிக்கு வருவார் என்பது சங்கரன்கோவிலில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். இங்கே மூலவர் மதுரையில் இருந்தார், உற்சவர் தட்டில் வந்தார். ஆகவே யாரும் எதையும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த நிர்வாகத்துக்குள்தான் இசக்கித்துரையை ஒரு கட்டுவிரியன் கொண்டுவந்து சேர்த்தது.

இசக்கித்துரை பவர்லூம் தறி ஓட்டுகிறவர். தறி ஷெட்டில் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தவரைப் பாம்பு கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. விடியப்போகிற நேரத்தில் கண்ணிமை தொங்கி, நாக்கு குழறி, நெஞ்சு ஏறி இறங்க மறந்துகொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரி என்று இங்கே தூக்கி வந்தார்கள். தேன்மொழி மூச்சுக்குழாய் போட்டாள், இயந்திரத்தில் இணைத்தாள், விஷமுறிவு மருந்தை ஏற்றினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவர் மனைவி கோமதித்தாய் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து நாளில் குழாயை எடுத்தார்கள். இப்போது இசக்கித்துரை உட்கார்ந்து இட்லி தின்கிறார், சட்னியில் உப்பில்லை என்று குறை சொல்கிறார். ஆனால் வீட்டுக்குப் போக முடியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதிக்கும்வரை ஆளை விடுவதில்லை என்பது ஆஸ்பத்திரி வழக்கம். தறி முதலாளியும் சொல்லியனுப்பிவிட்டார்: திங்கட்கிழமை இசக்கித்துரை வரவில்லையென்றால் அந்தத் தறியில் வேறு ஆளை ஏற்றிவிடுவாராம்.

அவரிடம் இருந்தது நித்யரட்சை சுகாதாரக் காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசி. ஒரு லோன் வாங்கப் போன இடத்தில் அவர் தலையில் கட்டியது. பாண்டிராஜ் வழக்கம்போல் டாக்டர் பெயரைப் போட்டு பில்லை அனுப்பினார். கம்பெனி ஒரு கடிதம் எழுதியது.

'தாங்கள் குறிப்பிடும் அதே விடியற்காலையில் டாக்டர் திருமலைக்கொழுந்து அவர்கள் மதுரையில் பித்தப்பை அவசர அறுவை சிகிச்சைக்காக மயக்க நிலையில் இருந்தார். அவரும் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். அச்செலவை நாங்களே வழங்கினோம். அவர் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம். அதே நேரத்தில் அவர் சங்கரன்கோவிலில் மூச்சுக்குழாய் பொருத்தியது எவ்வாறு என்று விளக்கவும்.'

பாண்டிராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாலிசி எடுக்க வேற கம்பெனியே கிடைக்கலையா இந்த மனுசனுக்கு?"

சலாவுதீன் பாய்க்கு வேறு வருத்தம். "ஆபரேசன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாவளா? சொல்லியிருந்தா அன்னைக்குச் சீலுக்கும் லீவு விட்டிருப்பேம்லா."

பாண்டிராஜ் அசரவில்லை. டாக்டர் தொலைபேசியில் வழிகாட்டினார் என்று பதில் எழுதினார். வழிகாட்டியது மயக்க மருந்துக்கு முன்பா, பின்பா என்று கம்பெனி கேட்டது. பின்பு எனில், மயக்கத்தில் அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி அனுப்பவும். பாண்டிராஜ் நகத்தைக் கடித்தபடி நெடுநேரம் யோசித்து எழுதினார்: 'பின்பு. "போடு" என்றார்.'

அடுத்த கடிதம் இசக்கித்துரைக்கு வந்தது. கோமதித்தாய் அதைத் தேன்மொழியிடம் வாசிக்கக் கொடுத்தாள். 'பாலிசி எடுப்பதற்கு முன்பிருந்தே மேற்படி பாம்பு மேற்படி ஷெட்டில் வசித்து வந்ததா? ஆம் எனில் இது முன்பே இருந்த நோயாகக் கருதப்படும்.'

"பாம்புட்ட போயி ரேசன் கார்டா கேக்க முடியும்?" என்றாள் கோமதித்தாய்.

குழாய் போட்ட தொண்டை இன்னும் கரகரத்தது இசக்கித்துரைக்கு. "புதுசாத்தான் குடிவந்துச்சுன்னு எழுதிருட்டி. அதுவா வந்து இல்லைன்னு சொல்லப்போவுது?"

கடைசியாக முடிவுக் கடிதம் வந்தது. ஓலையில் எழுதிய தர்க்க சாஸ்திரம்கூட அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. 'சம்பவ நேரத்தில் மருத்துவர் இல்லை. மருத்துவர் இல்லாததால் சிகிச்சை இல்லை. சிகிச்சை இல்லாமலே உறுப்பினர் நலமடைந்துள்ளதால் அவருக்கு நோய் இருந்திருக்க வாய்ப்பில்லை. நோயில்லாதவரை மருத்துவமனையில் அனுமதித்தது தேவையற்றது. தங்கள் இயற்கையான ஆரோக்கியத்துக்கு எங்கள் நல்வாழ்த்துகள்.'

இதை வாசித்து முடித்த கையோடுதான் தேன்மொழி இன்சூரன்ஸ் மேசைக்கு நடந்துபோய், கேட்கக் கூடாததைக் கேட்டாள். நான்தான் போட்டேன், என் பட்டத்துக்குப் பதிவு எண் இருக்கிறது, என் பெயரிலேயே அனுப்புங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் இசக்கித்துரையை விட்டுவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு உள்ள வியாதி அது. படிப்பை உண்மையென்று நினைத்துவிடுவார்கள்.

ஒரு நர்ஸ் தன் பெயரைக் கேட்டாள் என்ற செய்தி சென்னைவரை போனது. சனிக்கிழமை காலை ரயிலில் கம்பெனியின் உயர்நிலை விசாரணை அதிகாரி சாரநாதன் வந்து இறங்கினார். மதுரையிலிருந்து டாக்டர் திருமலைக்கொழுந்துவும் வந்தார், நேரில். வரவேற்பு மேசையில் இருந்த பெண், "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க சார், டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு" என்றாள்.

ஏ.சி. அறையில் விசாரணை தொடங்கியது. சலாவுதீன் பாய் பழக்கதோஷத்தில் தட்டோடு வந்துவிட்டார். டாக்டரும் சீலும் ஒரே அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை. யாருக்கு வணக்கம் வைப்பதென்று ஒரு நிமிடம் தடுமாறினவர், தட்டை மேசையில் வைத்துவிட்டு அதற்கே வைத்தார்.

சாரநாதன் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேசும் அளவுக்குச் சின்ன விஷயமாக அவர் இதைக் கருதவில்லை.

"செவிலியர்களை எங்கள் நிறுவனத்தைப் போல் மதிக்கிற நிறுவனம் இந்தியாவில் கிடையாது. செவிலியர் தினத்துக்கு நாங்கள் வெட்டும் கேக் எத்தனை கிலோ என்று தெரியுமா? எங்களைப் பொறுத்தவரை நர்ஸ் என்றால் தாய். பெற்ற தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு பில் போடுவாளா? போட்டால் அந்தப் பாலை என்னவென்று சொல்வது? எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாச் சிகிச்சைக்கும் ஒரு குறியீடு இருக்கிறது. தாய்மைக்குக் குறியீடு இல்லை. ஏன் இல்லை? அது விலைமதிப்பற்றது. விலைமதிப்பற்ற ஒன்றுக்கு நாங்கள் பணம் கொடுத்தால் அதை அவமதித்ததாகிவிடாதா?"

பாண்டிராஜ் கைதட்டினார். தனியாகத் தட்டுவது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சரி சார்" என்றாள் தேன்மொழி. "டாக்டரு மயக்கத்துல இருந்தாரு. குழாய் உள்ள போயிருக்கு. அப்ப யாரு போட்டதுன்னு நினைக்கீங்க?"

"நினைப்பது என் பொறுப்பில் வராதம்மா. அங்கீகரிப்பது, நிராகரிப்பது, இரண்டுதான் எனக்கு."

டாக்டர் திருமலைக்கொழுந்து குரலில் தேனைக் குழைத்தார். "சிஸ்டர், இதுல கௌரவம் பாக்காதீங்க. எம் பேரால எத்தனையோ உசுரு பிழைச்சிருக்கு. ஒரு நாளாவது நேர்ல வந்து நான் பெருமையடிச்சிருக்கேனா? அந்த அடக்கம் வேணும்."

சாரநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இருந்தாலும் எங்கள் நிறுவனத்துக்கு இதயம் இருக்கிறது. வழி கண்டுபிடித்திருக்கிறேன். நர்ஸ் செய்யும் சிகிச்சைக்கு எங்கள் பாலிசியில் இடமில்லை. ஆனால் நர்ஸ் செய்யும் தவறுக்கு இடம் இருக்கிறது. 'ஊழியரின் கவனக்குறைவால் ஏற்படும் எதிர்பாராத நிகழ்வுகள்.' ஆகவே இந்த அம்மா வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். மாலைக்குள் அங்கீகரித்துவிடலாம்."

தயாராகத் தட்டச்சு செய்த தாளைப் பாண்டிராஜ் அவள் முன் நகர்த்தினார். தேன்மொழி வாசித்தாள். வாசித்துவிட்டு, தன் கண்தான் கோளாறோ என்று மறுபடி வாசித்தாள்.

"கோமதித்தாயை வரச்சொல்லுங்க" என்றார் பாண்டிராஜ். தேன்மொழியை எந்த இடத்தில் அமுக்கினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோமதித்தாய் வந்து சுவரோரமாக நின்றாள். பாண்டிராஜ் அவளிடம் திரும்பினார். "இந்தா பாரு, சிஸ்டர் ஒத்தக் கையெழுத்துப் போட்டா உன் வீட்டுக்காரன் சாயங்காலம் வீட்டுல இருப்பான். திங்கக்கெழமை தறிக்குப் போயிரலாம். போடமாட்டேன்னு பிகு பண்ணுதாவ. நீயே கேளு."

"போட்டுரு தாயி" என்றாள் கோமதித்தாய் உடனே. "உனக்குப் புண்ணியமாப் போவும். தறி போச்சுன்னா அந்த மனுசன் பாம்புட்ட தப்பிச்சும் பிரயோசனமில்ல."

"என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்கக்கா." தேன்மொழி தாளை எடுத்து உரக்க வாசித்தாள். "'நோயாளியின் வாயைத் துடைக்கும்போது என் கை தவறி மூச்சுக்குழாய் உள்ளே போய்விட்டது. பதற்றத்தில் சுவிட்சில் கைபட்டு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. அதன்பின் அதை அணைக்க மறந்துவிட்டேன். நோயாளி பிழைத்தது என் எண்ணத்தில் இல்லை.'"

கோமதித்தாய் சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"கை தவறியா? கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்! மொகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடந்த ஆளு. நீ அங்கன மல்லுக்கட்டுன மாதிரி எங்காத்தாகூட எனக்காவ மல்லுக்கட்டுனதில்ல."

"நீங்கள் பார்த்தது மருத்துவ ரீதியாகச் செல்லாது" என்றார் சாரநாதன்.

"எங்கண்ணு செல்லாதா? சரி, அந்தா சட்டை கசங்காம உக்காந்திருக்காவளே, அவிய யாரு?"

"ஏ, அவருதாம்மா உன் புருசனைக் காப்பாத்துன டாக்டரு" என்றார் பாண்டிராஜ்.

"இவிய மூஞ்சியையே இப்பத்தான பாக்கேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோமதித்தாய் தேன்மொழி பக்கம் திரும்பினாள். கோபம் வடிந்து, பயம் ஏறியிருந்தது முகத்தில். "இதுல எப்படித் தாயி நான் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்லுவேன்? ஆனா அவரு தறி..." என்று ஆரம்பித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேன்மொழிக்கு முடிவெடுக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. 'நோயாளி பிழைத்தது என் எண்ணத்தில் இல்லை' என்ற வரியை வாசிக்கிறபோதே அது முடிந்துபோயிருந்தது. தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"சார், சிகிச்சையே நடக்கலைன்னு உங்க கம்பெனி லெட்டர் சொல்லுது. சரிதான?"

"எழுத்துபூர்வமாக" என்றார் சாரநாதன் பெருமையோடு.

"பாண்டிராஜ் சார், அந்த விடியக்காலையில நீங்க பில் போட்ட டாக்டரு இங்கன இல்ல. சரிதான?"

பாண்டிராஜ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சீலைப் பார்த்தார்.

"அப்ப நடக்காத வைத்தியத்துக்கு, வராத டாக்டரு பேருல பில்லைப் போட்டு, நடமாடுத மனுசனை உள்ள பிடிச்சு வச்சிருக்கீய. இதை ஸ்டேசன்ல போயிச் சொன்னா அதுக்கு என்ன பேரு வைப்பான்னு யோசிச்சுப் பாருங்க."

"ஏட்டி!" பாண்டிராஜின் சிஸ்டர் மரியாதை அந்தக் கணத்தோடு முடிந்தது. "வாயை அளந்து பேசு. இங்கன அனுபவச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு, அது என் கையிலதான் இருக்கு. நீ எந்த ஆஸ்பத்திரியில போயி நிப்பேன்னு பாத்துருதேன்."

"அதுலயும் என் கை தவறிச்சுன்னுதான எழுதுவீய? நீங்களே வச்சுக்கிடுங்க."

அவள் எழுந்தாள். கோமதித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாரநாதன், "கூட்டம் இன்னும் முடியவில்லை" என்றார். முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வார்டில் இசக்கித்துரை வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேன்மொழி அவர் புறங்கையிலிருந்த ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். "அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நடக்கலாம்லா?"

"நடக்குதேன். எங்க?"

"முதல்ல உங்க வீட்டுக்கு. நீங்க திங்கக்கெழமை தறிக்குப் போங்க, ரெண்டு வாரத்துக்குப் பாரம் தூக்காண்டாம். நானும் அக்காவும் அன்னைக்குத் தென்காசிக்குப் போறோம், நுகர்வோர் கோர்ட்டுக்கு. யாரு என்ன செஞ்சாங்கன்னு நான் வந்து சொல்லுதேன்."

"பில்லு?" என்றார் இசக்கித்துரை, பயந்துபோய்.

"அதைக் கோர்ட்டுல வந்து வாங்கிக்கிடட்டும்."

அடுத்த ஷிப்டுக்கு வந்திருந்த ஷாஹின் பானுவிடம் கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொரு நோயாளியின் நிலைமையையும் சொன்னாள். எந்த மருந்து எப்போது, யாருக்கு மூச்சு எப்படி, எதைக் கண்டால் பயப்பட வேண்டும். ஷாஹின் பானு புதிதாகச் சேர்ந்தவள், டிப்ளமோ படித்தவள். கேட்கக் கேட்க அவள் கண் விரிந்துகொண்டே போனது. "அக்கா, ராத்திரி யாருக்காவது மூச்சு நின்னா நான் என்ன செய்ய?"

"டாக்டரைக் கூப்பிடு. இன்னைக்கு நேர்லயே இருக்காரு."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். இசக்கித்துரை ஒரு கையால் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். வாட்ச்மேன் குறுக்கே வந்தார். இசக்கித்துரையின் முகத்தையும் தேன்மொழியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கு எங்கேயோ அவசர வேலை வந்துவிட்டது, சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

பின்னால் பாண்டிராஜ் செருப்பைச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய், குரலில் உண்மையான கலக்கம் இருந்தது.

"சிஸ்டர்! இந்தா, தேன்மொழி! ஐசியூவுல ரெண்டு பேரு மிஷின்ல கிடக்காங்க. அவங்களை யாரு பாக்கது?"

தேன்மொழி நின்றாள். திரும்பவில்லை. போர்ட்டிகோவுக்கு வெளியே டாக்டர் திருமலைக்கொழுந்துவின் கார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் யாரிடமோ மதுரைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயசைவே போதுமாக இருந்தது.

"ஓடிப்போயி அந்தக் காரை நிறுத்துங்க சார்" என்றாள்.

பாண்டிராஜ் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். யார் பின்னால் ஓடுவது என்று தெரியாமல் நடுவாசலில் நின்றார்.

தேன்மொழி இசக்கித்துரையின் துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.